கெக்கரிக்காயில் செய்த வள்ளம்

1

கனடாவைப் பற்றி ஏதாவது எழுது என்று ஊரிலிருந்து மாஸ்ரர் கடிதம் போட்டிருந்தார். பனியைப் பற்றி வேண்டாம், அதை எல்லோரும் எழுதி அனுப்பிவிட்டார்கள் என்று கீழே ஒரு வரி. எட்டாம் வகுப்பில் என்னை இரண்டு தரம் மறித்து வைத்தவர் இவர்தான். அவரே என்னிடம் கட்டுரை கேட்கிறார் என்றால் அவருடைய சஞ்சிகையின் நிலைமையை நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்.

எனக்கு இங்கே தெரிந்தது மூன்று இடம். வோபர்னில் நான் இருக்கிற நிலக்கீழ் அறை, டவுன்ரவுனில் நான் கோப்பை கழுவுகிற ரெஸ்ரோரன்ற், டோர்செட் பார்க்கில் அண்ணியின் அப்பார்ட்மென்ற். கொஞ்சக் காலம் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கினேன். போகவர நாலு மணித்தியாலம் பஸ். பஸ்சுக்குள் நித்திரை கொள்வதற்காக வேலைக்குப் போகிறேனோ என்று சந்தேகம் வந்து விட்டுவிட்டேன். நயாகரா நீர்வீழ்ச்சியை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தவர்களைக் கேட்டால் தண்ணீர் விழுகிறது என்றுதான் சொல்கிறார்கள்.

போன சனிக்கிழமை சப்பாத்து வாங்க ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். மேலே கூரையில் ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல சிவப்பு. கோடை வந்தால் இங்கத்தைய ஆட்கள் இதைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போவார்கள். கடைப் பெடியனைக் கூப்பிட்டு, இதனுடைய மற்றப் பாதி எங்கே என்று கேட்டேன். எந்தப் பாதி என்றான். பக்கத்தில் ஒரு கட்டை வரவேண்டுமே, அது இல்லாமல் எப்படி விற்பீர்கள் என்று கையால் காட்டினேன். அவன் உள்ளே போய் மனேச்சரைக் கூட்டிவந்தான். மனேச்சர் கொம்பியூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, அது ஸ்ரொக்கில் இல்லை, ஓடர் பண்ணட்டுமா என்றார். பண்ணுங்கோ என்று ஒரு பெயரும் நம்பரும் கொடுத்துவிட்டு வந்தேன். என் பெயர் இல்லை, என் அறையில் இருக்கிற பெடியனுடையது. இப்போது அவனுக்குத்தான் போன் வந்துகொண்டிருக்கிறது.

பஸ்சில் ஏறும்வரை சிரிப்புத்தான். ஏறி இருந்த பிறகு, அண்ணியின் அகதி விசாரணை நடந்து ஒரு வருடம் ஆகிறது என்று நினைவு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. வேறொன்றும் வரவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

கனடாவைப் பற்றித்தானே கேட்டீர்கள். இது கனடாவில் நடந்ததுதான். ஆனால் கொஞ்சம் கடலும் சொல்லவேண்டி இருக்கிறது.

2

எங்கள் ஊர் மன்னார்த் தீவு. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் தோட்டக்காரர், கடலைக் குளிக்கிற இடம் என்று நினைக்கிறவர்கள். அவர்களுக்காக விபரமாகச் சொல்கிறேன். மற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

பருவத்துக்குத் தெற்கிலிருந்து வந்து எங்கள் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்கிறவர்களிடம் அப்பா ஒரு வள்ளம் வாங்கினார். அவர்கள் அதை ஒருவா என்றார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். அடிப்பாகம் ஒரே மரத்தில் குடைந்தது. வாய் எவ்வளவு ஒடுக்கம் என்றால், ஒரு காலை உள்ளே வைத்தால் மற்றக் காலை அதற்கு முன்னால்தான் வைக்கலாம். குடைந்த மரத்தின்மேல் இரண்டு பக்கமும் பலகையை நிறுத்தி, ஓட்டை போட்டு, தும்புக் கயிற்றால் தைத்திருக்கும். சட்டை தைக்கிறமாதிரித்தான். பொருத்துக்குள் தும்பு அடைத்துக் குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார்கள். தேடினாலும் ஒரு ஆணி கிடையாது.

இவ்வளவு ஒடுக்கமான சாமானைத் தண்ணீரில் இறக்கினால் உடனே படுத்துவிடும். அதனால் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வளைகம்பு நீட்டி, நுனியில் ஒரு மரத்தைத் தண்ணீரில் மிதக்கக் கட்டியிருக்கும். அதுதான் பக்கக்கட்டை. அந்தக் கட்டும் கயிறுதான். ஆணியால் இறுக்கினால் அலையில் கம்பு முறியும், கயிறு நெளிந்து கொடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் புதுக் கயிறு போடவேண்டும். அந்த வேலையை என்னிடம் தருவார்கள். நான் கட்டி முடித்ததும் அண்ணை வந்து எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்.

இதில் சட்டம் ஒன்றே ஒன்று. கட்டை எப்போதும் காற்று வருகிற பக்கம் இருக்கவேண்டும். காற்று பாயைத் தள்ளி வள்ளத்தைச் சரிக்கப் பார்க்கும், இந்தப் பக்கத்தில் கட்டையின் பாரம் பிடித்து வைத்திருக்கும். காற்று பலத்தால் ஒரு ஆள் வளைகம்பில் நடந்துபோய்க் கட்டையில் நிற்பார். இன்னும் பலத்தால் இரண்டு பேர். ஓராள் காற்று, இரண்டாள் காற்று, மூன்றாள் காற்று என்றுதான் எங்கள் கரையில் பேச்சு. கட்டை காற்றுக்கு மறுபக்கம் போய்விட்டால், பாயின் பாரம் முழுவதும் அதன்மேல் விழுந்து தண்ணீருக்குள் அமுக்கிவிடும்.

அப்படியென்றால் திரும்பி வருவது எப்படி என்று கேட்பீர்கள். வள்ளத்தைத் திருப்புவதில்லை. திருப்பினால் கட்டை மறுபக்கம் போய்விடுமே. இரண்டு நுனியையும் ஒரேமாதிரிச் செதுக்கியிருப்பார்கள். பாயைத் தளர்த்தி மற்றப் பக்கம் இழுத்துக் கட்ட, திசை பிடிக்கிற ஆள் தன் துடுப்பை, நாங்கள் தண்டு என்போம், அதைத் தூக்கிக்கொண்டு இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு ஓடவேண்டும். அவ்வளவுதான். பின்பக்கம் முன்பக்கமாகிவிடும், வள்ளம் வந்த வழியே போகும், கட்டை அதே காற்றுப் பக்கத்தில் இருக்கும். இதை நாங்கள் மாத்துறது என்போம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம்.

3

தொண்ணூறாம் ஆண்டு. சண்டையால் ஊர் இந்தியாவுக்குக் காலியாகிக்கொண்டிருந்தது. அப்பா முதலே போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். பகலில் கரையோரமாகத் தொழில் செய்ய நேவி விட்டிருந்தபடியால், பின்னேரம் மூன்று மணிபோல வலை போடப் போகிறவர்கள்மாதிரி வெளிக்கிட்டோம். கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இரண்டு பேர்தான் தெரிந்திருக்கும், அல்போன்ஸ் அண்ணையும் நானும். அண்ணி ரோஸ்மேரி அடியில் பழைய பாய்ச்சீலையால் மூடிப் படுத்திருந்தார். வயிற்றில் ஐந்து மாதம். திருநாளுக்கு முதல் கோயிலில் மாதா சுருவத்தை மூடி வைக்கிறமாதிரி இருக்கிறது, மெழுகுதிரி கொளுத்தட்டோ என்று கேட்டேன். சீலைக்குள் இருந்து, வாயை மூடடா என்று ஒரு சத்தம் வந்தது.

சோளகக் காற்று, தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. அண்ணை தண்டு பிடித்தார், நான் கட்டையில் நின்றேன். ராமேஸ்வரப் பக்கத்து மணல் தீடைகள் தெரியத் தொடங்கிய நேரம் காற்று பலத்துவிட்டது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, நாற்பத்தைந்து கிலோ. என்னைக் கட்டையில் நிறுத்துவதும் ஒரு காகத்தை நிறுத்துவதும் ஒன்றுதான்.

"உன்னை உதில வைச்சு ஒரு பிரியோசனமும் இல்லை. வந்து தண்டைப் பிடி, நான் போறன்" என்றார் அண்ணை. காற்றின் இரைச்சலில் எனக்கே பாதிதான் கேட்டது.

இடம் மாறினோம். பாய் விரித்த ஒருவாவுக்கு நான் அதுவரை தண்டு பிடித்ததே இல்லை. பிடித்திருக்கிறேன், தனியே கொண்டுபோய்க் கொண்டுவந்தும் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அண்ணையும் அதை நம்பியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் முன்னால் தூரத்தில் ஒரு ரோந்துப் படகு தெரிந்தது. அண்ணை கட்டையில் நின்றபடி, மாத்து என்று கத்திக்கொண்டு பாய்க்கயிற்றைப் பிடித்தார். நான் தண்டைத் தூக்கிக்கொண்டு மற்ற நுனிக்கு ஓடவேண்டும். ஓடவில்லை. இருந்த இடத்திலேயே தண்டைப் போட்டு வள்ளத்தை வளைத்தேன், மற்ற வள்ளங்களை வளைக்கிறமாதிரி. வளைந்தது. கட்டை காற்றுக்கு மறுபக்கம் போனது. பாய் மறுபுறம் அடித்துக் கிழிந்தது. கட்டை அண்ணையோடு தண்ணீருக்குள் போனது. பாய் கிழிந்தபடியால் வள்ளம் கவிழவில்லை, கட்டை திரும்ப மேலே வந்தது. அண்ணை வரவில்லை. அவருக்கு நீந்தத் தெரியும். வளைகம்பு தலையில் பட்டிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்ணி சீலையை விலக்கிக்கொண்டு எழும்பினார். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். அவர் எங்கே என்று கேட்டார்.

"தண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டவர் அண்ணி. அலை ஒண்டு அடிச்சுது" என்றேன்.

பிறகு காற்றே எங்களைத் தீடையில் கொண்டுபோய் ஒதுக்கிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாயில் அதுதான் வந்தது. வந்ததை அம்மாவுக்கும் அப்படியே எழுதினேன். அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

4

உண்மையை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று நினைக்கவேண்டாம். கனடா அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணியும் பிள்ளையும் இந்தியாவில் முகாமில் இருக்க, நான் முதலில் இங்கே வந்துவிட்டேன். தொண்ணூற்றிரண்டில் என் விசாரணை. எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லாத அறை, எல்லாம் வெள்ளைக்காரர். சொல்வதற்கு வசதியாக இருந்தது. வள்ளத்தை வளைத்தது, கட்டை மறுபக்கம் போனது, ஊரில் பொய் சொல்லித் திரிந்தது, எல்லாம் சொன்னேன். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாண ரவுணில் பாங்கில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு அங்கிள். கடல் என்றால் அவருக்குச் சீலா மீன் குழம்புதான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் காதுக்குள், தம்பி சுருக்கிச் சொல்லும், அவையளுக்கு நேரமில்லை என்றார். பிறகு அவரே சுருக்கிவிட்டார். கடைசியில் என் பைலில் விழுந்தது மூன்று வசனம். நான் தண்டு பிடித்தேன். அண்ணன் வள்ளத்தின் பக்கத்தில் இருந்தார். அவர் விழுந்துவிட்டார். வள்ளத்தை வளைத்தது அதில் இல்லை. என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள்.

நாலு வருடம் கழித்து அண்ணியும் அனீற்றாவும் வந்து சேர்ந்தார்கள். அனீற்றாவுக்கு அப்போது ஆறு வயது. முகாமில் பிறந்து முகாமில் வளர்ந்த பிள்ளை, ஒரு பனிக்காலம் முடிவதற்குள் இங்கிலிஷில் கனவு கண்டு உளறத் தொடங்கிவிட்டாள். சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னால் அங்கிள் என்பாள். தமிழ் விளங்கும், பாதி பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அவள் விரும்பிக் கேட்கிற ஒரே தமிழ்ச் சாமான் என்னுடைய கடல் கதைதான். ஞாயிற்றுக்கிழமை நான் போனால், டெல் த போட் ஸ்ரோறி என்று மடியில் ஏறிவிடுவாள். கதையில் அப்பா தண்டு பிடிப்பார், பெரிய அலை வரும், அப்பா பயப்படமாட்டார். பஸ் தரிப்பில் நிற்கும்போது காற்று அடித்தால், இண்டைக்கு எத்தினை ஆள் காத்து என்று கேட்பாள். அது மட்டும் தமிழில். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, மை டாட் வாஸ் த ட்ரைவர் என்று சொன்னாளாம். ரீச்சர் அண்ணியைக் கூப்பிட்டு, பஸ் ட்ரைவரா என்று கேட்டிருக்கிறார்.

விசாரணைக்கு இரண்டு கிழமைக்கு முதல் அண்ணியின் லோயர் எனக்குப் போன் பண்ணினார். நல்ல மனிசன், எப்போதும் தடிமன் பிடித்த குரல். விசயம் இதுதான். அண்ணி கொடுத்த போமில், என் கணவர் தண்டு பிடித்துக்கொண்டிருந்தபோது அலையில் அள்ளுண்டு போனார் என்று இருக்கிறது. உறவினர் என்று என் பெயரையும் எழுதியிருக்கிறார். அவர்கள் என் பழைய பைலை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அதில் தண்டு பிடித்தது நான். இரண்டு பேரில் ஒருவர் பொய். கணவர் உண்மையில் செத்தாரா, அந்த வள்ளத்தில் இருந்தாரா என்றே கேட்கப்போகிறார்கள். அண்ணி பொய் சொல்கிறார் என்று முடிவெடுத்தால் அண்ணியையும் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாம்.

நான் அண்ணிக்குச் சொன்னது பிழை என்று ஒரு வசனம் சொன்னால் முடிந்தது. அந்த வசனத்தை அண்ணிக்கு முன்னால் சொல்லவேண்டும். ரெஸ்ரோரன்றின் பின்வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தேன். பிறகு என்னுடைய மூளை வழக்கம்போல வேலை செய்தது.

அந்த வள்ளத்துக்கு முன் பின் இல்லை, ஐயா, என்று லோயருக்குச் சொன்னேன். அண்ணன் தண்டு பிடித்ததும் உண்மை, நான் பிடித்ததும் உண்மை. மாற்றும்போது தண்டு கை மாறும். அலை வந்தது சரியாக நடுவில், தண்டு ஒருவர் கையிலும் இல்லாத நேரம். சீலைக்குள் இருந்த அண்ணிக்கு அதற்கு முந்தியதுதான் தெரியும், எனக்குப் பிந்தியதுதான் நினைவில் நிற்கும்.

லோயருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இதை மெம்பருக்குக் காட்டமுடியுமா என்றார். இங்கே அகதி வழக்குக் கேட்கிறவரை மெம்பர் என்பார்கள். காட்டலாம் என்றேன்.

5

விசாரணை நாள் காலையில் ரெஸ்ரோரன்றில் இருந்து ஒரு நீட்டுக் கெக்கரிக்காய் எடுத்துக் குடைந்தேன். பக்கக்கட்டைக்கு ஒரு கரட். வளைகம்புக்கு இறைச்சி குத்துகிற இரண்டு ஈர்க்கு. பாய்க்குக் கடதாசி நாப்கின். எங்கள் செஃப் வந்து பார்த்துவிட்டு, இது எந்த மேசைக்கு என்று கேட்டார்.

கட்டடத்து வாசலில் நின்ற காவல்காரர் சாப்பாட்டுச் சாமான் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார். இது சாப்பாடு இல்லை, கப்பல் என்றேன். லோயர் ஓடிவந்து, இது வழக்குக்கான சாட்சிப் பொருள் என்று சொல்லி உள்ளே எடுத்தார். காவல்காரர் ஒரு புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டார்.

என்னைக் கடைசியில்தான் கூப்பிட்டார்கள். நீட்டு மேசை. இரண்டு மெம்பர்கள், ஒருவர் நரைத்த தலை அம்மா, மற்றவர் வாயே திறக்காத ஒரு மனிசன். மொழிபெயர்க்க அதே பாங்க் அங்கிள், ஐந்து வருடத்தில் இன்னும் மெலிந்திருந்தார். அண்ணி லோயருக்குப் பக்கத்தில், கோயிலுக்கு உடுக்கிற நீலச் சீலையோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. கேள்வி கேட்டு அவரை ஒருபாடு படுத்தியிருக்கிறார்கள் என்று முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணால் ஒரு சின்னத் தைரியம் காட்டினார். எனக்குத்தான் தைரியம் தேவை என்று அவர் நினைத்திருக்கிறார்.

கெக்கரிக்காயை மேசையில் வைத்தேன். அது வியர்த்து மேசையில் ஈரம் பட்டது. காற்று யன்னல் பக்கமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கோ என்று தொடங்கினேன். கட்டை யன்னல் பக்கம். அண்ணன் இந்த நுனியில், தண்டோடு. நான் கட்டையில். அண்ணி அடியில், சீலைக்குள். காற்றுப் பலக்கிறது, ரோந்துப் படகு தெரிகிறது, மாற்றவேண்டும். பாயை எடுத்து மற்றப் பக்கம் குத்தினேன், வள்ளத்தைத் திருப்பாமல் அப்படியே பின்னுக்கு இழுத்தேன். பின் முன்னாகிவிட்டது. தண்டு இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு வருகிற இடைவெளியில்தான் அலை வந்தது. வீட்டில் பத்துத் தரம் செய்து பார்த்ததுதான், பிசகாமல் வந்தது. பாங்க் அங்கிள் இந்த முறை ஒரு சொல்லையும் சுருக்கவில்லை.

மெம்பர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொருமுறை செய்துகாட்டச் சொன்னார். மெதுவாக, இடையில் ஒன்றும் சொல்லாமல், கையால் மட்டும்.

திரும்ப வைத்தேன். கட்டை யன்னல் பக்கம். பேசாமல் கையை மட்டும் அசைத்தேன். கெக்கரிக்காயின் ஒரு நுனியைப் பிடித்து வளைத்தேன். அது மேசையில் அரை வட்டமாகத் திரும்பி நின்றது. கரட் என் பக்கம் வந்துவிட்டது.

எனக்கே அது தெரியவில்லை. எனக்கு முதல் அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. அண்ணியின் அப்பா எங்களுக்கு முதலே ஒருவா வைத்திருந்தவர். மேசைக்கு மேலாலே கையை நீட்டி, கெக்கரிக்காயைத் தூக்கிக் கட்டையை யன்னல் பக்கம் வைத்தார்.

"கட்டை காத்துப் பக்கம். உப்பிடி வளைச்சா என்ன நடக்கும்?" என்றார். அடுப்படியில் நான் உப்பைக் கூடப் போட்டால் பேசுகிற அதே குரல்.

மெம்பர் அம்மா உடனே நிமிர்ந்து, என்ன சொன்னார் என்று கேட்டார். அங்கிள் சொன்னார். என்ன நடக்கும் என்று அண்ணியிடமே கேட்கச் சொன்னார்.

அண்ணியின் கை இன்னும் கெக்கரிக்காயில் இருந்தது.

"கட்டை தாழும்" என்றார். பிறகு, "கட்டையில நிக்கிற ஆள் போகும்" என்றார்.

அங்கிள் அதையும் சுருக்காமல் சொன்னார். மெம்பர் அம்மா எதையோ எழுதிக்கொண்டு, மற்றவரைப் பார்த்துத் தலையாட்டினார். வாய் திறக்காத மனிசனும் தலையாட்டினார். அண்ணி அவர்களைப் பார்க்கவில்லை. என்னுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை மேசைக்குக் கீழே எடுத்தேன்.

பத்து நிமிசம் வெளியில் இருக்கச் சொல்லித் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்தப் பெண் இப்படியான வள்ளத்தில் வாழ்ந்தவர் என்பதில் தங்களுக்குச் சந்தேகம் இல்லை, அவர் சொல்வதை நம்புகிறோம், அவரும் பிள்ளையும் இங்கே இருக்கலாம் என்று மெம்பர் அம்மா வாசித்தார். லோயர் எல்லோருக்கும் கை கொடுத்தார், காவல்காரருக்கும் கொடுத்தார். பாங்க் அங்கிள் என்னிடம் வந்து, உம்மட அண்ணிதான் கேசை வெண்டது தம்பி என்றார். அண்ணி கைப்பையைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு மூடினார்.

6

ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மத்தியானம், ஆட்கள் இல்லை. நல்ல செய்தி, சாப்பாட்டுக் கடைக்குப் போவோமா என்று நான் கேட்டேன்.

"அண்டைக்குத் தண்டு ஆரிட்ட இருந்தது?" என்றார்.

"என்னட்ட."

"அவர்?"

"கட்டையில நிண்டவர்."

"இண்டைக்கு வளைச்ச மாதிரித்தான் வளைச்சனியோ?"

"ஓம் அண்ணி."

அழுவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றும் நினைத்தேன், அடித்திருந்தால் நல்லாயிருக்கும். ரயில் நின்றது, கதவு திறந்தது, மூடியது. மெம்பர் வாசித்துவிட்டுக் கொடுத்த கடிதம் அவருடைய பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதை உள்ளே தள்ளிவிட்டார். எதிரே ஒட்டியிருந்த பற்பசை விளம்பரத்தை மூன்று தரம் வாசித்தேன்.

ரயிலால் இறங்கி பஸ் எடுத்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றோம். பிள்ளைகள் வரத் தொடங்குவதற்கு முன் அண்ணி சொன்னார்:

"பிள்ளை கேட்டா, அப்பாதான் தண்டு பிடிச்சவர் எண்டு சொல்லு. எப்பவும் சொல்லுறமாதிரியே சொல்லு. அவளுக்கு அது இருக்கட்டும்."

"சரி அண்ணி."

"எனக்கு அந்தக் கதையைச் சொல்லாதை."

அனீற்றா ஒரு கையில் தொப்பியும் மற்றக் கையில் கடதாசியில் கீறிய ஏதோ ஒன்றுமாக ஓடிவந்தாள். நாங்கள் இனி இங்கேதான் என்று அண்ணி அவளுக்குச் சொன்னார். அவள், ஐ நோ என்றாள். போக வேறு இடம் இருக்கிறது என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம். அண்ணி என்னோடு கோபம் இல்லை. ஞாயிறு வரச்சொல்கிறார், சோறு போட்டுத் தருகிறார், குளிருக்கு ஒரு கையுறையும் பின்னித் தந்தார். கதைக்க வேண்டியதைக் கதைக்கிறார். முன்னர் நான் ஏதாவது பகிடி விட்டால், வாயை மூடடா என்பார். இப்போது சொல்வதில்லை. பகிடி முடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

மாஸ்ரர், இதை அச்சில் போடுங்கள். அனீற்றாவின் கண்ணில் பட்டுவிடுமோ என்று எனக்குப் பயம் இல்லை. தமிழில் எழுதினால் அவளிடமிருந்து ஒளித்து வைத்தது மாதிரித்தான். தண்டு பிடிக்கத் தெரியும் என்று ஊரில் பொய் சொல்லித் திரிந்ததை அண்ணிக்கும் நான் சொல்லவில்லை, சஞ்சிகைதான் சொல்கிறது.

போன ஞாயிறும் போனேன். சாப்பிட்டு முடிந்ததும் அனீற்றா வழக்கம்போல மடியில் ஏறினாள். இப்போது கால் நிலத்தில் முட்டுகிறது, இருந்தாலும் ஏறுகிறாள். தொடங்கினேன். பின்னேரம் மூன்று மணி, சோளகக் காற்று, அப்பா தண்டு பிடிக்கிறார். அண்ணி எழும்பிக் குசினிக்குள் போனார். பைப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"வேர் வேர் யூ, அங்கிள்?" என்றாள் அனீற்றா.

"நான் ஒரு மூலையில இருந்து சத்தி எடுத்துக்கொண்டு இருந்தன்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இடத்தில் எப்போதும் சிரிப்பாள். பெரிய அலை வந்தது. அப்பா பயப்படவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதை முடிந்து, அவள் இறங்கி ரீவிக்குப் போன பிறகுதான் பைப்பைப் பூட்டினார்.

சாப்பிட்ட கோப்பைகளை எல்லாம் நான் அதற்கு முதலே கழுவித் துடைத்து அடுக்கியிருந்தேன்.